வாங்கிப் படித்தவர்கள்: ஒரு மஞ்சள் தாளும் நம்ம பிள்ளைகளின் ஃபோனும்

தி.நகர் வாணி மகால் பக்கம் போகிறவர்கள் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைப் பார்க்காமல் தாண்ட முடியாது. சரி சரி, சிக்னல் பச்சை விழுந்தால் நம்ம ஊரில் யார் எதைப் பார்க்கிறார்கள் :-) 1969 ஜனவரியில் அந்தச் சிலையைத் திறந்து வைத்தவர் அப்போதைய முதலமைச்சர் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான் என்பார்கள். பிப்ரவரி 3-ம் தேதி அவர் காலமாகிவிட்டார்.

ஒரு முதலமைச்சர் உடம்பு முடியாத நிலையிலும் வந்து சிலை திறந்து வைத்த இதே கலைவாணர், 1945-ல் கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி. பெருசுகளுக்கு உடனே "லட்சுமிகாந்தன் கேஸ்" ஞாபகம் வந்திருக்கும். இளசுகளுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு. பத்தாவது, பிளஸ் டூ, காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் தினமும் ஒரு பஞ்சாயத்து. "போட்டோ போடாதே", "முன்பின் தெரியாதவங்ககிட்ட பேசாதே", "நாளைக்கு வேலைக்குப் போறப்ப கம்பெனிக்காரன் உன் பேரைத் தேடிப் பார்ப்பான்". எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனா பாதி அறிவுரை. உன் பேர் உன் கையில மட்டும்தான் இருக்குங்கிற மாதிரி சொல்றோம். நம்ம ஊர் சரித்திரம் அப்படிச் சொல்லலை. ஒருத்தர் பேரைக் கெடுக்கத் தொடங்குறதுக்கு எழுதுறவன் ஒருத்தன் போதும். அதைக் கெடுத்து முடிக்கிறது வாங்கிப் படிக்கிற ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் ஒருத்தராக ஆகாமல் இருக்கச் சொல்லித் தருவதுதான் மீதிப் பாதி.

*

1943. இரண்டாம் உலகப் போர் நேரம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, பத்திரிகை நடத்த சர்க்கார் லைசென்ஸ் வேணும். மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்த சி.என்.லட்சுமிகாந்தன் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று சொல்லிக்கொண்டு வண்டி வண்டியாக எழுதினார். பத்திரிகை சக்கைப்போடு போட்டது. பணம் கொடுத்து அவர் வாயை அடைக்கப் பார்த்தவர்களும் உண்டு, அதுவே அவருக்கு இன்னொரு வருமானம் ஆச்சு என்று அந்தக் கால சினிமாவைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். லைசென்ஸ் ரத்தாச்சு. கதை முடிஞ்சுதா? எங்கே முடியும்! லட்சுமிகாந்தன் "இந்து நேசன்" என்கிற வேறொரு பத்திரிகையைக் கையில் எடுத்தார். அதே சரக்கு, வேற தாள். ஒரு அக்கவுண்டை மூடினால் இன்னொரு அக்கவுண்டைத் திறக்கிற வித்தை இன்ஸ்டாகிராம் காலத்தில் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. சர்க்காரே மூடியும் அந்த ஆள் எப்படித் திரும்ப வந்தார்? விற்றது, அதனால் வந்தார். "சீ, இதெல்லாம் ஒரு பத்திரிகையா" என்று நாலு பேர் முன்னாடி சொல்லிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்களின் காசில் ஓடிய வண்டி அது. அவர்கள் பேர் எந்தக் கேஸ் கட்டிலும் கிடையாது.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதர், என்.எஸ்.கே., ஸ்ரீராமுலு நாயுடு கைது. அந்த வருஷ தீபாவளிக்கு வெளியான பாகவதரின் "ஹரிதாஸ்" பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூணு தீபாவளி பார்த்த படம் என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அதேதான். திரையில் பாகவதர் பாடுகிறார், ஆள் ஜெயிலில்.

நாயுடு விடுதலை ஆனார். மற்ற இரண்டு பேருக்கும் 1945 மே மாதம் ஜூரி வைத்து நடந்த விசாரணையில் தீவாந்தர தண்டனை. ஐகோர்ட் அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு மறுபடி சென்னைக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுதலையானார்கள். ரெண்டே கால் வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தாச்சு. கொலையைச் செய்தது யார் என்கிற கேள்வி அப்படியே நின்றுபோனது.

*

எனக்கு இந்தக் கேஸை விட கேஸுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

பாகவதர் கையில் இருந்த பட ஒப்பந்தங்கள் கலைந்து போயின. வெளியே வந்து நடித்த "ராஜமுக்தி" (1948), "அமரகவி" (1952) எதுவும் பழைய பாகவதரைத் திருப்பித் தரவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி இறந்தபோது வயசு 49. கோர்ட் அவருக்கு விடுதலை கொடுத்தது. பேரைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கும் இல்லை.

அதே கேஸ், அதே ஜெயில், அதே தீர்ப்பு. ஆனால் என்.எஸ்.கே. திரும்பி வந்தார். "நல்லதம்பி" (1949), "மணமகள்" (1951) என்று ஒரு சுற்று வந்தார். ஏன் இந்த வித்தியாசம்? சினிமாவே அந்த நாலைந்து வருஷத்தில் மாறிவிட்டது, பாட்டு குறைந்து வசனம் ஏறிய காலம், அது பாகவதருக்கு அடி. அதையும் கணக்கில் எடுத்துக்கணும். ஆனால் இன்னொரு விஷயமும் இருக்கு. என்.எஸ்.கே. உள்ளே இருந்தபோது அவர் மனைவி டி.ஏ.மதுரம் ஓய்ந்து உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் மாதிரி ஆட்கள் கூட நின்றார்கள். நாடகம் நடந்தது, "பைத்தியக்காரன்" படம் எடுத்தார்கள். அவர் வெளியே வரும்போது அவருடைய இடம் காலியாகாமல், யாரோ துண்டு போட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது.

அவதூறு வரும்போது சுற்றி நாலு பேர் நிற்பதும் நிற்காததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

*

அங்கிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, தெற்கே திருவான்மியூருக்கு வருவோம். ஆட்டோ சங்கர் வழக்கு. கொலைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதுக்குத்தான் ஏகப்பட்ட பேர் இருக்காங்களே. மரண தண்டனைக் கைதியாக ஜெயிலில் இருந்தபோது சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். "நக்கீரன்" பத்திரிகை அதைத் தொடராக வெளியிட முனைந்தது. கதையில் சில அதிகாரிகளும் வந்ததால், சிறைத்துறையிலிருந்து பத்திரிகைக்கு மிரட்டலாக ஒரு கடிதம் போனது. நக்கீரன் ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7-ம் தேதி வந்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பின் சாரம் இது. ஒவ்வொரு குடிமகனுக்கும் "என்னைச் சும்மா விடு" என்று சொல்லுகிற உரிமை உண்டு. குடும்பம், கல்யாணம், பிள்ளைகள், படிப்பு மாதிரி விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் எழுதக்கூடாது. கோர்ட் ரிக்கார்டு மாதிரி பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், ஆனால் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பேரை அப்போதும் எழுதக்கூடாது. அரசாங்கமோ அதிகாரியோ, அச்சாகும் முன்பே தடுக்கவும் கூடாது. எழுதுகிறவன் சுதந்திரம், எழுதப்படுகிறவன் மானம், ரெண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த தீர்ப்பு.

எல்லாம் சரி. ஆனால் அது பத்திரிகை ஆபீஸ், ஆசிரியர், அச்சகம் என்று முகவரி இருந்த காலத்துச் சட்டம். பத்தே வருஷத்தில் அந்த முகவரி காணாமல் போனது.

*

2004. எழும்பூர் கோர்ட். சென்னையில் வசித்த ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமான தகவல்கள் வந்தன, அவரே எழுதின மாதிரி. கூடவே அவருடைய ஃபோன் நம்பர். போட்டவன் முன்பின் தெரியாதவன் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு மறுக்கப்பட்ட, குடும்பத்துக்குத் தெரிந்த ஆள். பிப்ரவரியில் அந்தப் பெண் போலீசுக்குப் போனார். மும்பையில் ஆளைப் பிடித்தார்கள். நவம்பர் 5-ம் தேதி தீர்ப்பு, இரண்டு வருஷம் சிறை, அபராதம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ம் பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை இதுதான் என்று சட்டப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. சென்னை போலீசுக்குத் தாராளமாக ஒரு சபாஷ் போடலாம்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எழுதினது ஒருத்தன். அந்த நம்பருக்கு ஃபோன் போட்டவங்க எத்தனை பேர்? அந்தப் பெண்ணின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது அந்தத் தகவலா, அதை நம்பி டயல் செய்த விரல்களா? அவர்களில் ஒருத்தர்கூடக் கூண்டில் ஏறவில்லை. இந்து நேசனை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்களின் வாரிசுகள்தான் இவர்கள்.

*

வாங்கிப் படிப்பவர்கள், கடத்திவிடுபவர்கள் பக்கம் சட்டத்தின் பார்வை திரும்ப இன்னும் சில வருஷம் ஆச்சு. அதற்கும் நம்ம மயிலாப்பூர் சம்பந்தம் உண்டு.

2018 ஏப்ரல். மயிலாப்பூரின் முன்னாள் எம்.எல்.ஏ.வும் நாடக நடிகருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதியதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். நான் எழுதவில்லை, சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் தரப்பு. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, விட்டவர்தான் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்கிற பொருளில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதினார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய, வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது.

கட்சி, அரசியல் எல்லாம் ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். "நான் எழுதலை, ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணேன்" என்கிற நம்ம நாட்டின் தேசியச் சாக்கு கோர்ட்டில் எடுபடவில்லை. இது பதினைந்து வயசுப் பையனுக்கும் பொருந்தும், எழுபது வயசுத் தாத்தாவுக்கும் பொருந்தும். (நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் தாத்தாக்கள் இதைப் படிச்சா நல்லது!)

இன்னொரு படி மேலே. 18 வயசுக்குக் கீழ் உள்ள ஒருவரின் ஆபாசப் படத்தை ஃபோனில் வைத்திருந்ததாக ஒரு சென்னை வழக்கு. பார்த்தது மட்டும் குற்றம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அப்படிப்பட்ட படத்தைப் பிறருக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு சேமித்து வைத்திருப்பதே போக்சோவில் குற்றம் ஆகலாம், அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதிலிருந்தே அந்த எண்ணத்தை ஊகிக்கலாம் என்றது. கிளாஸ் குரூப்பில் "டேய் இதப் பாரு" என்று சுற்றுகிற ஒரு கிளிப்பை டவுன்லோட் செய்து வைக்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய வினை என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

*

சரி, கெட்ட பேரை அழிக்க முடியுமா? இதுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருக்கு. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்று, அப்பீலில் குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்று. இணையத்தில் தேடினால் அந்தத் தீர்ப்பும் தன் பேரும் வருகிறது, பேரை மட்டும் எடுத்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, இதற்குச் சட்டம் இன்னும் வரவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பேர் மறைக்கப்பட வேண்டும், தீர்ப்புகளை வெளியிடும் தளம் அதை நீக்க வேண்டும் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

பாகவதர் காலத்தில் பேர் கெட்டால் ஊர் விட்டு ஊர் போகலாம். பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்ட இந்து நேசன் பக்கங்கள் பக்கோடா மடித்துக் காணாமல் போயிருக்கும். இன்றைக்கு எடைக்குப் போட ஆள் இல்லை. பதினாறு வயசில் ஒருத்தி போட்ட அசட்டு வீடியோ அவளுடைய முப்பத்தாறு வயசில் எழுந்து வந்து நிற்கும். மறதி என்பது ஊர் நமக்குச் செய்த பெரிய உபகாரம். அது இல்லாத ஒரு ஊரில் பிள்ளைகளை விட்டிருக்கிறோம்.

*

உடனே "அதான் சொல்றேன், வாயை மூடிக்கிட்டு இரு" என்று பிள்ளைகளிடம் ஆரம்பிச்சுடாதீங்க. அதுவும் தப்பு. 2018 அக்டோபரில், இணையத்தில் பெண்கள் துணிந்து பேசியதற்கு அப்புறம்தான் மியூசிக் அகாடமி அந்த வருஷ மார்கழி சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. 2021 மே மாதம் கே.கே.நகர்ப் பள்ளி ஒன்றில், முன்னாள் மாணவிகள் வெளிப்படையாக எழுதியதால்தான் ஓர் ஆசிரியர் மீதான புகார் போலீஸ் வரை போய்க் கைது நடந்தது. அந்தப் பிள்ளைகள் "பேர் கெட்டுடும்" என்று சும்மா இருந்திருந்தால் யாருக்கு லாபம்?

சட்டத்தை வைத்து வாயை அடைப்பதையும் பார்த்துவிட்டோம். 2012-ல் மும்பை பக்கம் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் வரிக்காக ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்டதற்காக இன்னொரு பெண்ணும் கைது. அந்தக் கைதைப் பார்த்து ஒரு சட்ட மாணவி தொடுத்த வழக்கில்தான் 2015 மார்ச் 24-ம் தேதி 66ஏ பிரிவு ஒழிந்தது. ஆக, பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது வித்தியாசம். தனக்கு நடந்த அநியாயத்தைத் தன் பேரில் சொல்வது ஒன்று. அடுத்தவர் அந்தரங்கத்தை வேடிக்கைக்காகக் கடத்துவது வேறொன்று. முதலாவதுக்குத் தைரியம் வேணும். ரெண்டாவதுக்கு ஒரு கட்டைவிரல் போதும்.

*

பெத்தவங்க பக்கமும் ஒரு கதை பாக்கி இருக்கு. இதுக்கு அடையாறு போகணும், அதுவும் 1912-க்கு.

ஜே.கிருஷ்ணமூர்த்தி, தம்பி நித்யானந்தா. ஒருவருக்குப் பதினேழு, ஒருவருக்குப் பதினாலு. தியாசபிகல் சொசைட்டி வளாகத்தில் இருந்த அப்பா நாராயணய்யா 1910-ல் பிள்ளைகளின் கார்டியன் பொறுப்பை அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு மனசு மாறி, பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று 1912-ல் வழக்குப் போட்டார். பிள்ளைகளைப் பற்றிய மிக அந்தரங்கமான குற்றச்சாட்டுகள் கோர்ட்டில் பேசப்பட்டன, பத்திரிகைகளில் செய்தியாக ஓடின. 1913-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பா ஜெயித்தார். 1914-ல் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப் போட்டது. முக்கியமான காரணங்களில் ஒன்று, இவ்வளவு நடந்தும் அந்தப் பிள்ளைகளின் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை!

நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்றைக்கும் குளிப்பாட்டுகிற குழந்தை, மார்க் குறைந்து அழுகிற பையன், வயசுக்கு வந்த பெண்ணின் விழாப் படம் எல்லாத்தையும் நாமேதான் ஏற்றுகிறோம். 18 வயசுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கம்பெனிகள் கையாள பெற்றோர் சம்மதம் வேணும் என்று 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகிற மாதிரி வகுக்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பெற்றோரே ஏற்றும்போது குழந்தையின் சம்மதம் கேட்கச் சொல்லி யாரும் சட்டம் போட முடியாது. "இதைப் போடட்டுமா கண்ணு?" என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பழகினால், பிள்ளையும் நாளைக்கு ஃப்ரெண்டு படத்தைப் போடும் முன் கேட்கும். அறிவுரையைவிட இது வேலை செய்யும்.

*

கடைசியாக, மனசைப் பிசைகிற ஒன்று. 2016 ஜூன், சேலம் மாவட்டம். 21 வயசுப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பம் போலீசுக்குப் போனது. நடவடிக்கை வருவதற்குள் இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டார். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, தன்னை நம்பவில்லையே என்பதுதான் அவர் எழுதி வைத்ததின் சாரம். தாமதத்துக்காக மாவட்ட எஸ்.பி. மன்னிப்புக் கேட்டார். ஆளையும் பிடித்தார்கள். என்ன பிரயோஜனம்?

மதுரமும் சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே.வுக்குச் செய்ததை நாம் நம்ம வீட்டில் செய்தாக வேண்டும். பிள்ளை அழுதுகொண்டு வந்து ஃபோனை நீட்டினால் முதல் வார்த்தை "நான் இருக்கேன்" என்பதாக இருக்கணும். "நீ ஏன் அனுப்பினே" என்கிற விசாரணைக் கமிஷனை அப்புறம் வெச்சுக்கலாம்.

அதற்கப்புறம் செய்ய வேண்டியது சுருக்கமாக:

மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தால் லட்சுமிகாந்தன் கதைதான், இந்து நேசன் நிற்காது. லிங்க், அந்த அக்கவுண்டின் பேர், தேதி, நேரம், மிரட்டல் வரிகள் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கணும். படம் 18 வயசுக்குக் கீழ் உள்ளவருடையது என்றால் படத்தைப் பிரதி எடுக்கவோ "சாட்சிக்கு" என்று யாருக்கும் அனுப்பவோ கூடாது. விவரத்தோடு நேராகப் போலீஸ். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் 1930. குழந்தைகளுக்கு 1098. ஒட்டுப்போட்ட படங்களையும் அந்தரங்கப் படங்களையும் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்கணும் என்று 2021-ல் வந்த விதிகள் கெடு வைத்தன, அதனால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுப்பதையும் விடாதீங்க. படத்தை யாரிடமும் கொடுக்காமலே, அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை மட்டும் பதிந்து, பல தளங்களில் ஏறாமல் தடுக்கிற சேவைகளும் இருக்கு. பெரியவர்களுக்கு "ஸ்டாப் என்சிஐஐ", பதினெட்டு ஆகும் முன் எடுத்த படங்களுக்கு "டேக் இட் டவுன்".

இதெல்லாம் தீ பிடித்த பிறகு வாளி தேடுகிற வேலை. தீ பரவாமல் இருக்கிறது நம்ம கட்டைவிரலில் இருக்கு. யாரோ ஒரு பெண்ணின் படமோ, ஒரு பையனின் மானத்தை வாங்குகிற கிளிப்போ நம்ம ஃபோனுக்கு வந்து சேரும்போது, அனுப்பாமல் விட்டால் அது நம்மோடு செத்தது. "டேய், இத அழிடா" என்று குரூப்பில் ஒரு வரி எழுதுகிற பையனுக்கு எந்தக் கோர்ட்டும் மெடல் தரப்போவதில்லை. ஆனால் 1944-ல் அப்படி ஓராயிரம் பேர், காலணாவை மிச்சம் பண்ணிக்கொண்டு அந்தத் தாளை வாங்காமல் நடந்து போயிருந்தால், இந்து நேசன் நாலு வாரத்தில் நின்றிருக்கும். லட்சுமிகாந்தனும் பிழைத்திருப்பார், பாகவதரும் பாடிக்கொண்டிருந்திருப்பார்.